ஒன்றன்பால்

அந்த ஊரில் இந்த மீனுக்கு இரண்டு பெயர்.
பெண் க்ராஸ்லெப்பா, சாம்பல் நிறம்.
ஆண் ரௌத்மாயி, சிவந்த வயிறு.
விலை வேறு, பருவம் வேறு, சமைக்கும் விதம் வேறு.
இரண்டும் ஒரே மீன் என்றால்
பள்ளிக்கூடப் பிள்ளைகள் நம்ப மறுக்கிறார்கள்.

ஐஸ்லாந்து, ஸ்ட்ராண்டிர் கரை, ஏப்ரல்.
ஆஸ்கெய்ர் வலையை இழுக்கிறார்.
செதில் இல்லாத, பந்து போன்ற உடல்கள்,
முதுகெல்லாம் கணுக்கள்.
சாம்பல் என்றால் தொட்டிக்கு,
சிவப்பு என்றால் திரும்பக் கடலுக்கு.
அவர் குனிந்து பார்ப்பதுகூட இல்லை,
கை பார்த்துக்கொள்கிறது.

கொட்டகையில் யோருன்
நாளைக்கு நானூறு வயிறு கீறுகிறாள்.
கத்தி போன வழியே சினை தானே வழிகிறது,
உடலில் மூன்றில் ஒரு பங்கு.
இளஞ்சிவப்பு, பச்சை, ஊதா,
தாய்க்குத் தாய் நிறம் மாறும்;
ஜாடிக்குள் போகும்போது எல்லாமே கறுப்புச் சாயம்.
சில வயிறு பாதி காலி.
"முதல் தவணை இட்டுவிட்டாள்,
இரண்டாவதற்கு வேறொருத்தனைத் தேடிப்
போகும் வழியில் மாட்டிக்கொண்டாள்" என்பாள்.
சொல்லிவிட்டு மூக்கைத் தோளில் துடைத்துக்கொள்வாள்.

அவளுக்கு இன்னொரு வேலையும் உண்டு.
கடல் ஆய்வு நிலையம் கொடுத்த,
நனைந்தாலும் கிழியாத நோட்டு, ஒரு பென்சில்.
அமாவாசை வற்றத்தில் பாறை பாறையாய் எண்ண வேண்டும்:
காவல் இருக்கும் ஆண்கள் எத்தனை,
முட்டைக் கட்டி எத்தனை விரல் அகலம்.

பதினேழாம் பாறை.
கடற்பாசித் திரைக்குப் பின்னால் ஒரு பிளவு.
அதில் கட்டி, ஒரு பக்கம் பச்சை, ஒரு பக்கம் ஆரஞ்சு.
இரண்டு பெண்கள், ஒன்பது நாள் இடைவெளி.
இருவரும் ஆழத்துக்குத் திரும்பியிருக்கலாம்,
யோருனின் மேசைக்கு வந்தும் இருக்கலாம்.
எதிரே அது.
வயிற்று வட்டால் பாறையை உறிஞ்சிப் பிடித்து,
தலையால் அழுத்திக் கட்டியில் பள்ளம் செய்து,
பள்ளத்துக்குள் நீரை ஊதிக்கொண்டிருக்கிறது.
ஆறு வாரம், ஏழு வாரம்.
இரை கிடையாது.
நத்தை வந்தால் கவ்வி அப்பால் துப்பும்.

அது என்றுதான் எழுதுகிறேன்.
என் இலக்கணம் அவ்வளவுதான் இடம் கொடுக்கிறது,
அஃறிணையில் ஆண்பால் இல்லை.
அதே இலக்கணத்தில் சினை என்றால் உறுப்பு:
கை, கிளை, கொம்பு, இலை.
முழுசாகாத எதுவும்.

மே மாதக் கடைசியில் ஒரு நாள்
தண்ணீர் வழக்கத்தைவிடக் கீழே இறங்கியது.
பிளவு காய்ந்தது.
அது போகவில்லை.
கடற்காகம் ஒன்று வந்து சாவகாசமாக
விலாவில் ஓட்டை போட்டு
ஈரலை மட்டும் தின்றது.
யோருன் பத்தடி தள்ளி நின்றாள்.
நோட்டில் இதற்கும் ஒரு கட்டம் இருக்கிறது, "பறவை."
குறி போட்டாள்.
பிறகு பறவையின் மேல் கல்லை விட்டெறிந்தாள்.
அதற்குக் கட்டம் இல்லை.

நீர் திரும்பியபோது துடுப்பு அசைந்ததா,
நீர்தான் அசைத்ததா, தெரியவில்லை.
மறுநாளும் வட்டு பிடியை விடாமல் இருந்தது.
கத்தி முனையால் நெம்பினாள்.
முட்டைகளுக்குள் கண்கள் வந்திருந்தன,
இரண்டிரண்டு கரும்புள்ளி.
காவல்: இல்லை, என்று எழுதிவிட்டு
நத்தைகளை ஒவ்வொன்றாய்ப் பொறுக்கி
அப்பால் போட்டுக்கொண்டிருந்தாள்,
முழங்காலுக்குத் தண்ணீர் ஏறும்வரை.

"பதினேழில் அவன் எப்படி இருக்கிறான்?"
என்று கேட்டார் ஆஸ்கெய்ர், படகைக் கழுவியபடி.
அவர்கள் மொழியில் அப்படிக் கேட்கலாம்.
யோருன் குழாயைத் திறந்து கத்தியைக் கழுவினாள்.

ஜூனில் பச்சைப் பக்கம் பொரிந்தது.
ஆரஞ்சுப் பக்கம் வெளுத்துப்போய்
நத்தைகள் மொய்த்துக் கிடந்தது.
சீரக அளவுக் குஞ்சுகள், அதற்குள் வயிற்றில் வட்டு.
ஆணா பெண்ணா என்று
அவற்றுக்கே இன்னும் தெரியாது.
ஒன்று அவள் கையுறையில் ஒட்டிக்கொண்டது.
உதறினாள்.
திரும்ப உதறினாள்.
பிறகு கையைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு
அப்படியே உட்கார்ந்திருந்தாள்.